படகு எதுவும் வரவில்லை

பதினோரு நிமிடம். அவ்வளவுதான் கொடுத்தார்கள்,
வருடத்தின் கடைசி இரவில்,
வானிலை அறிக்கைக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே.
அதற்குள் ஒரு போரில் தோற்றாக வேண்டும்.

ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு. கடல் உறைந்து கிடக்கிறது.
ஸ்வீடன் படை அதன்மேல் நடந்தே வருகிறது
டென்மார்க்கைப் பிடிக்க.
பள்ளிக்கூடத்தில் நாங்கள் தலைகுனிந்து எழுதிய தேதி அது.
ஸ்கிரிப்டில் அது ஒரு சுங்கச்சாவடி:
கரையில் ஒரு மேசை, ஒரு மைக்கூடு,
குளிரில் மூக்கு சிவந்த இரண்டு குமாஸ்தாக்கள்.

டோர்கில் பேரேட்டைத் திறக்கிறார்.
"படகின் பெயர்?"
"படகு இல்லை. நாங்கள் படை."
"படை என்று கட்டம் இல்லையே. படகின் பெயர்?"
தளபதி திரும்பிப் பார்க்கிறார்.
பின்னால் ஐயாயிரம் பேர் நிற்கிறோம்,
அதாவது ஏழு பேர்.

நான் ஆறாவது ஆள்.
போடில், கணக்குப் பிரிவு, தட்டச்சு.
துணை நடிகர்களுக்குப் பணம் போதாது என்று
நானே அடித்துக்கொடுத்த கடிதம்
என்னையே படையில் சேர்த்துவிட்டது.
கேமராவைக் கடந்ததும் திரைக்குப் பின்னால் ஓடுவோம்,
தொப்பியை மாற்றி
வரிசையின் வாலில் மறுபடி ஒட்டிக்கொள்வோம்.
மூன்றாம் சுற்றில் என் மீசை நழுவி மோவாயில் நின்றது.
தாடிக்காரன் ஆனேன். யாரும் கேட்கவில்லை.

சிரிப்பு என்று குறித்துவைத்த இடத்தில்
ஸ்டுடியோவில் இருந்த அறுபது பேரும் சிரிக்கவில்லை.
குதிரைக்கு லாயச் சான்றிதழ் கேட்கும் வரி,
எஸ்பன் மூன்று இரவு கண்விழித்துச் செதுக்கியது.
யாரோ இருமினார்கள்.

பிறகு குதிரை தலையைக் குனிந்தது.
எங்கள் கடல் உப்பு. மெய்யாகவே உப்பு:
பலகைமேல் நாலு மூட்டை கொட்டி,
நீல விளக்கைத் திருப்பிப் பனிக்கட்டி ஆக்கியிருந்தோம்.
குதிரை அதை நக்கத் தொடங்கியது,
கண்ணை மூடி, அவசரமே இல்லாமல்,
பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்ததுபோல.

டோர்கில் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.
பேரேட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
"கடலைத் தின்பதற்குத் தனி வரி."

கூரை பெயர்ந்தது.
விளக்குக்காரர் ஏணியைக் கட்டிக்கொண்டார்.
தளபதி, வந்த வேலையை மறந்து,
மேசைமேல் கவிழ்ந்து குலுங்கினார்.
இயக்குநர் விபெகே
"கட்" சொல்ல வாயைத் திறந்தாள்,
திறந்தபடியே வைத்திருந்தாள்.

கடைசிக் காட்சி மட்டும் எழுதியபடி நடந்தது.
படை கடந்து போய்விட்டது.
தூரத்தில் ஊர் எரிகிற வெளிச்சம்.
டோர்கில் இறகை மையில் தோய்த்து
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்:
"இன்று படகு எதுவும் வரவில்லை."

ஜனவரியில் ஒரு தபால் அட்டை,
ஃபூன் தீவின் மேற்குக் கரையிலிருந்து.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
ஆனால் அன்று பனி உடைந்து
குதிரைகளும் ஆட்களும் உள்ளே போனார்கள்.
எதிரிதான், இருந்தாலும்.
கையெழுத்து மட்டும் இருந்தது, பெயர் படிக்க முடியவில்லை.

எஸ்பன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.
ஒரு மாலை பதில் எழுத உட்கார்ந்தார்,
நான் தட்டச்சில்.
"மதிப்பிற்குரிய" என்பதோடு நின்றது.
என்ன சொல்வது,
எங்கள் கடலுக்கு அடியில் பலகை இருந்தது என்றா?

மார்ச்சில் டேப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு.
புது டேப் விலை அப்படி.
படிவம் என் மேசைக்குத்தான் வந்தது.
பாதுகாக்க வேண்டிய காரணம், என்றொரு கட்டம்.
குதிரை, என்று அடித்தேன்.
இரண்டே நாளில் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
அப்படி ஒரு வகை பட்டியலில் இல்லை.

அதன்மேல் ஒரு ஹேண்ட்பால் ஆட்டத்தைப் பதிந்தார்கள்.
ஸ்வீடன் ஜெயித்தது.